பழசு வேற, பழுது வேற

எங்கட பக்கத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு கொம்பியூட்டர் இரண்டு வருசமாகப் பழைய பெட்சீற்றால் மூடிக் கிடந்தது. மார்கழி லீவுக்கு நாங்கள் வட்டக்கச்சிக்கு வந்தபோது, பழைய இரும்பு எடுக்கிறவர் அதுக்கு விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். நிர்வாகத்தில் இருக்கிற ஐயா எங்களைக் கண்டதும் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ளையள், உது இனி உதவுமோ, இல்லாட்டிக் குடுத்துவிடவோ?"

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம். ஒருவர் வரலாறு, ஒருவர் புவியியல், ஒருவர் தமிழ். கொம்பியூட்டரை ஒரு பாடமாகப் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால் கம்பஸ் பிள்ளையள் எண்டால் ஊரில் எல்லாம் தெரிஞ்ச ஆக்கள் என்று ஒரு நினைப்பு. ஃபேன் ஓடாட்டியும் எங்களைத்தான் கூப்பிடுவினம். அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் "ஒரு நாள் தாங்கோ ஐயா, பாத்துச் சொல்லுறம்" என்று சொன்னோம். போனது மூன்று நாள்.

கொம்பியூட்டரின் வரலாறு சின்னது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சிலர் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. கொஞ்சக் காலம் விண்டோஸில் ஓடியது. பிறகு வைரஸ் வந்து படுத்துவிட்டது. இரண்டு வருசத்துக்கு முதல் லீவில் வந்த ஒரு அண்ணா அதில் லினக்ஸ் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போன பிறகு போட்டுப் பார்த்தால் திரையில் வெறும் நீல நிறம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற பெட்டி வரவில்லை. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினபோது "விஜிஏ போட்டுது, போர்ட் மாத்தோணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். போர்ட் மாற்றுகிற காசுக்கு நிலையத்தின் கணக்கில் இடமில்லை. பெட்சீற் வந்து மூடியது.

நாங்கள் செய்த முதல் வேலையே பிழை. என்ன நடக்குது என்று பார்க்காமல், எல்லாத்தையும் அழித்துப் புதிதாக டெபியன் 13 போட்டோம். அரை நாள் அதிலேயே போனது. போட்டு முடித்துத் திரும்பத் தொடங்கினால் அதே நீலம். அப்பதான் விளங்கியது, அந்த அண்ணா போட்டதில் ஒரு பிழையும் இல்லை என்று.

பொறியியல் படிக்கிற ஒரு சிநேகிதனுக்குப் போன் எடுத்தோம். அவன் யோசிக்கவே இல்லை. "நோமோட்செட் போடு" என்றான். இன்டர்நெட்டில் தேடினாலும் பத்தில் எட்டு இடத்தில் அதுதான் எழுதிக் கிடக்குது. போட்டோம். வேலை செய்தது. பெட்டி வந்தது, உள்ளே போனோம், கைதட்டினோம். ஆனால் எழுத்தெல்லாம் மங்கல். கண்ணாடி போடாத ஆள் பேப்பர் வாசிக்கிற மாதிரி. ஜன்னல் ஒன்றை இழுத்தால் அது இழுபட்டு இழுபட்டு வருகிறது. எங்கட மொனிற்றர் 1280க்கு 1024 புள்ளிகள் உள்ளது. வந்தது 1024க்கு 768. பழைய குழாய் மொனிற்றர் எண்டால் இது பெரிய விசயமில்லை, எந்த அளவையும் அது தன் பாட்டில் வரைந்துவிடும். எல்சிடி திரையில் புள்ளிகள் எண்ணிப் பதித்தவை. அந்த எண்ணிக்கைக்குச் சரியாக அனுப்பாட்டி, ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளியாக நீட்டப் பார்த்து மங்கலாக்கிவிடும்.

இங்கேதான் எங்கட அபிப்பிராயத்தைச் சொல்லவேணும். நோமோட்செட் என்பது பனடோல். காய்ச்சல் குறையும், என்ன காய்ச்சல் என்று தெரியாது. அது கேர்னலுக்குச் சொல்லுவது இதுதான்: "திரையைப் பற்றி நீ ஒண்டும் யோசிக்காதை, தொடங்கும்போது என்ன அளவு கிடைச்சுதோ அதோட இரு." அதோடு கிராபிக்ஸ் சிப்பின் கெட்டித்தனம் முழுக்க வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. ஒரு நாள் சமாளிக்க, உள்ளே போய் நோயைப் பார்க்க, அது நல்லது. அதையே நிரந்தரமாக விட்டுவிட்டு "சரி பண்ணீட்டம்" என்று சொல்லுகிறது சரியில்லை. பழைய கொம்பியூட்டர் எண்டால் இப்பிடித்தான் மங்கலா, மெதுவா இருக்கும் என்று சனம் நம்பத் தொடங்குவது இப்படித்தான்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற ஆலோசனைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றுக்கு வயசு இருக்கிறது, ஆனால் ஒருவரும் வயசைப் பார்ப்பதில்லை. "விஜிஏ ஈக்குவல் 791 எண்டு போடுங்கோ" என்று ஒரு இடத்தில் இருந்தது. போட்டோம், ஒரு அசைவும் இல்லை. 791 என்பது 1024க்கு 768ஐக் குறிக்கிற பழைய வீசா இலக்கம். திரையின் அளவைக் கேர்னல் தன் கையில் எடுக்காத காலத்துக்குரியது அது. அப்போது கறுப்புத் திரைக்கு ஒரு ஏற்பாடு, ஜன்னல்கள் வருகிற திரைக்கு வேறு ஏற்பாடு. 2009 மார்ச் 23இல் வந்த லினக்ஸ் 2.6.29இல்தான், முதலில் ஒரு வகைச் சிப்புக்கு, இரண்டையும் கேர்னலே பார்த்துக்கொள்ளுகிற முறை உள்ளே வந்தது. மற்றச் சிப்புகளுக்கு அடுத்தடுத்த பதிப்புகளில் வந்தது. அதுக்குப் பிறகு பழைய இலக்கங்கள் பல பெட்டிகளில் வெறும் எழுத்துத்தான்.

2009 மார்ச். அந்த மாதம் வட்டக்கச்சிச் சனம் எங்கே இருந்தது என்று இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. எங்களில் மூத்தவருக்கு அப்ப ஆறு வயசு. உலகம் ஒரு விசயத்தை மாற்றி எழுதின மாதத்தில் நாங்கள் எங்கே நின்றோம் என்பது பெருமையும் இல்லை, முறைப்பாடும் இல்லை. அந்தத் திகதியை வாசித்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பின்னேரம் நோமோட்செட்டை எடுத்துவிட்டுத் திரும்பவும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்க வந்த தாத்தாவோடு ஒரு பேத்தியும் வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. பக்கத்தில் நின்று மவுஸை எடுத்து ஆட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "அக்கா, எலி வேலி பாஞ்சிட்டுது."

திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். அம்புக்குறியை இடப்பக்கம் தள்ளத் தள்ள, திரையின் விளிம்பில் நிற்கவேண்டியது நிற்கவில்லை. வெளியே போய் மறைந்தது. வலப்பக்கம் இழுத்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. வலப்பக்க விளிம்பில் ஒழுங்காக நிற்கிறது, இடப்பக்கம் மட்டும் வேலி இல்லை. அங்கே அதுக்கு ஒரு வளவு இருக்கிறது. எங்கட கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஜன்னல் இல்லாத கறுப்புத் திரை வரும். கொன்சோல் என்பது அதைத்தான். எழுத்து மட்டும். போனோம். எழுத்துகள் திரை முழுக்க வராமல் இடப்பக்க மேல் மூலைக்குள் ஒடுங்கிக் கிடந்தன. கீழேயும் வலப்பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை சும்மா கிடந்தது. எண்ணிப் பார்த்தோம். 1280க்கு 1024 திரையில், 8க்கு 16 புள்ளி எழுத்து எண்டால், ஒரு வரிக்கு 160 எழுத்தும் மொத்தம் 64 வரியும் வரவேணும். வந்தது 128 எழுத்து, 48 வரி. பெருக்கினால் 1024க்கு 768. இந்தக் கொம்பியூட்டர் வேறு யாரோ ஒருவருக்கும் சேர்த்துப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது, அவருடைய திரை எங்கட திரையைவிடச் சின்னது.

அந்த "யாரோ" யார் என்று கேர்னலிடமே கேட்கலாம். சிஸ், அதுக்குள் கிளாஸ், அதுக்குள் டிஆர்எம் என்ற அடைவுக்குள் போனால் ஒவ்வொரு திரை வாசலுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்ரேற்றஸ் என்று ஒரு கோப்பு. எங்கட பெட்டியில் விஜிஏ-1 என்ற வாசல்: கனெக்ட்டட். சரி, அது மேசையில் இருக்கிற மொனிற்றர். எல்விடிஎஸ்-1 என்ற வாசல்: அதுவும் கனெக்ட்டட்.

எல்விடிஎஸ் என்பது மடிக்கணினியின் மடிகிற திரைக்குப் போகிற வயர். எங்களிடம் இருப்பது மேசைக் கணினி. மடிகிற திரை அதுக்குப் பிறக்கும்போதே இல்லை.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் மலிவுவிலைச் சின்ன மடிக்கணினிக்கும் மலிவுவிலை மேசைக் கணினிக்கும் ஒரே சிப்பைப் போட்டார்கள். வெளியில் இருக்கிற மொனிற்றர் தன்னைப் பற்றி 128 பைற் அளவில் ஒரு சின்ன அறிமுகம் வைத்திருக்கும். நான் இன்னார், எனக்கு இத்தனை புள்ளி, இத்தனை வேகம். ஈடிஐடி என்பார்கள். விஜிஏ வயரில் இருக்கிற 15 ஊசிகளில் 12ஆவதும் 15ஆவதும் அந்தக் கதை பேசுவதற்குத்தான். (இந்த ஊசிகள் வளைந்தாலோ, மலிவு வயரில் அவை இல்லாமல் விட்டாலோ, மொனிற்றர் ஊமையாகிவிடும், கேர்னல் 1024க்கு 768 என்று ஊகித்துக்கொள்ளும். உங்கட திரையும் மங்கல் எண்டால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கோ. எங்கட வயர் நல்லாத்தான் இருந்தது.) மடிக்கணினியின் திரையை அப்படி நேரில் விசாரிப்பது குறைவு. பயோஸில் "திரை இருக்கு, இவ்வளவு அளவு" என்று எழுதிவைத்திருப்பார்கள், கேர்னல் அதை நம்பும். எங்கட போர்டைச் செய்தவர்கள் அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கு, ஆள் கனடாவில் என்கிற மாதிரி.

அதனால் நடந்தது என்ன? கொன்சோல், இரண்டு திரைக்கும் பொருந்துகிற சின்ன அளவை எடுத்தது. ஜன்னல்கள் வருகிற பக்கம் இரண்டு திரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முதல் திரை என்று மடிக்கணினித் திரையைத் தெரிந்தது. கடவுச்சொல் கேட்கிற பெட்டி இரண்டு வருசமாக ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இல்லாத திரையில்.

தீர்வு ஒரு வரி. கட்டளைகளை நாங்கள் போனில் ஒருவருக்கு ஒருவர் சொன்ன மாதிரியே எழுதுகிறோம், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டவேணும். கொம்பியூட்டர் தொடங்கும்போது குரப் பட்டியல் வரும். அதில் டெபியன் என்ற வரியில் நின்று "ஈ" எழுத்தைத் தட்டினால் தொடங்குகிற கட்டளைகள் தெரியும். "லினக்ஸ்" என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு: வீடியோ, சமக்குறி, எல்விடிஎஸ், சின்னக் கோடு, ஒன்று, முக்காற்புள்ளி, டி. எல்விடிஎஸ் மட்டும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. கடைசி "டி"யின் பொருள் "அந்த வாசலை மூடு" என்பது. எஃப் 10 தட்டித் தொடங்குங்கோ. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். பிழைத்தாலும் அடுத்த முறை பழையபடி தொடங்கும், ஒன்றும் கெட்டுப்போகாது. இதைச் சொல்லுவது முக்கியம், ஏனென்றால் பயத்தில்தான் கனபேர் கை வைப்பதில்லை.

எங்களுக்குச் சரிவந்தது. பெட்டி வந்தது, கூர்மையாக வந்தது, மூலையில் ஒடுங்கின எழுத்து திரை முழுக்கப் பரந்தது. பிறகு ஈடிசி, டிஃபோல்ட், குரப் என்ற கோப்பைத் திறந்து, குரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபோல்ட் என்கிற வரியின் மேற்கோளுக்குள் அதையே எழுதி, அப்டேற்-குரப் என்ற கட்டளையைக் கொடுத்தோம். அதோடு நிரந்தரம். உங்கட பெட்டியில் வாசலின் பேர் வேறாக இருக்கலாம். அதனால்தான் ஸ்ரேற்றஸ் பார்க்கச் சொல்லுகிறோம். மற்றவர் எழுதினதை அப்படியே போடுகிறதுக்கும் விசாரித்துப் போடுகிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஒரு சின்ன விசயம். கொன்சோலில் எழுத்து இப்போது நிறையக் கொள்ளுகிறது, ஆனால் சின்னதாகவும் ஆகிவிட்டது. சிலர் உடனே திரை அளவைக் குறைப்பார்கள். வேண்டாம். எழுத்துருவைப் பெருப்பியுங்கோ. டேர்மினஸ் என்ற எழுத்துருவில் 16க்கு 32 அளவு இருக்கு, கொன்சோல்-செற்றப் என்பதில் தெரியலாம். வரிக்கு 80 எழுத்து, 32 வரி. கூர்மையும் போகாது, கண்ணும் நோகாது.

இப்ப கோபத்துக்கு வருவோம். இந்த ஒரு வரிக்காகப் பெட்டி இரண்டு வருசம் மூடிக் கிடந்தது. அந்த இரண்டு வருசத்தில் சாதாரண தரம் எழுதின பிள்ளைகள் தட்டச்சுக்கு ரவுணுக்குப் போய்வந்தார்கள். பஸ் காசு, வெயில், பெட்டைப் பிள்ளையள் எண்டால் பொழுதுபடுகிறதுக்குள் வீட்டுக்கு வரவேணும். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்கவேணும் எண்டாலும் கடைதான். ஆரில் பிழை?

கடைக்காரரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஒரு போர்ட் மாற்றினால் அவருக்கு வருமானம். மூன்று நாள் குந்தியிருந்து ஒரு வரி எழுதினால் ஆர் காசு கொடுப்பினம்? விற்கிற பொருளுக்குத்தான் விலை இருக்கு, விசாரிக்கிற நேரத்துக்கு இல்லை. லீவில் வந்து லினக்ஸ் போட்ட அண்ணாவையும் குறை சொல்ல ஏலாது. நாங்களும் அவரைப்போலத்தான் லீவில் வந்து போகிற ஆக்கள்.

எங்கட கேள்வி கொடுக்கிற பக்கத்தைப் பார்த்து. கொம்பியூட்டர் கொடுக்கிற எல்லாரும் பெட்டி கொடுக்கிறார்கள். ரிப்பன் வெட்டிப் படமும் எடுக்கிறார்கள். அது ஓடாத நாளுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுப்பதில்லை. பத்துப் பெட்டி கொடுக்கிற காசில் ஒன்பதைக் கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் திருத்தப் பழக்கினால் என்ன? வயர், பற்றறி, ராம் கொஞ்சம் வாங்கி வைத்தால் என்ன? இதைச் சொன்னால் "படத்தில காட்ட என்ன இருக்கு?" என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். பகிடி இல்லை, அதுதான் காரணம்.

பெட்டிகள் இனிக் கூடத்தான் வரப்போகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கொம்பியூட்டரையும் ஏற்காது, டிபிஎம் 2.0 கேட்கும், புதிய புரொசசர் கேட்கும். வெளிநாட்டு அலுவலகங்களில் நல்ல நிலையில் இருக்கிற எத்தனையோ பெட்டிகள் இந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்படும். அதில் ஒரு பங்கு அன்பளிப்பு என்ற பேரில் எங்களிடம் வரும். வரட்டும். ஆனால் அவற்றைப் பார்க்கத் தெரியாட்டி, நாங்கள் பெறுவது அன்பளிப்பில்லை, குப்பையை வைக்க இடம் கொடுக்கிறோம். 2022இல் மட்டும் உலகத்தில் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐநா சார்ந்த அறிக்கை சொல்லுகிறது, அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு உள்ளது கால்வாசிக்கும் குறைவு. அதே 2022இல்தான் எங்கட ரூபாய் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்கு விழுந்தது. புதுசு வாங்கிற கதை அதோடு முடிந்தது கனபேருக்கு.

"இப்ப எல்லாம் போனில செய்யலாம், எதுக்கு இந்தப் பழசோட மாரடிக்கிறியள்?" என்று எங்கட வகுப்பிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்களும் இந்தக் கட்டுரையின் பாதியைப் போனில்தான் எழுதினோம். ஆனால் ஆய்வுக் கட்டுரை ஒன்றை, அடிக்குறிப்புகளோடு, போனில் ஒழுங்குபடுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கட பழைய பத்திரிகை, புத்தகம், மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து இணையத்தில் போட்டு வருகிறது. ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தைப் போனில் திறந்தால் ஒரு பத்தியை வாசிக்கப் பத்துத் தரம் விரலால் இழுக்கவேணும். அதையே நிலையத்தின் 17 அங்குலத் திரையில், மங்கல் போன பிறகு, திறந்து காட்டினோம். பேப்பர் பார்க்க வந்த தாத்தா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து வாசித்தார். திரையின் அளவு சரியா பிழையா என்பது தொழில்நுட்ப ஆக்களின் பிரச்சினை என்று நினைத்தோம். அவர் வாசித்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எல்லாப் பழசையும் காப்பாற்றவேணும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. கப்பாசிற்றர் வீங்கின போர்ட், 512 எம்பி ராம், மின்சாரத்தைக் குடிக்கிற குழாய் மொனிற்றர், இவற்றை மரியாதையோடு அனுப்பிவிடலாம். 32 பிட் மட்டும் ஓடுகிற பெட்டி எண்டால் டெபியன் 13இல் அதுக்கு நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை. பழைய 12ஐப் போட்டுக் கொஞ்சக் காலம் ஓட்டலாம், அவ்வளவுதான். எது போகவேணும், எது இருக்கவேணும் என்று தீர்மானிக்கிற அறிவு ஊரில் இருக்கவேணும் என்பதுதான் எங்கட கதை. அதைப் பழைய இரும்புக்காரர் தீர்மானிக்கக்கூடாது.

இன்னொன்று, தமிழ் படிக்கிறவர் விடாமல் கேட்டது. பிழை வந்தால் கடைசியில் போய் நிற்கிறது அந்தக் கறுப்புத் திரையில், அங்கே ஏன் தமிழ் இல்லை? டெபியனை நிறுவும்போது படங்களோடு வருகிற முறையில் தமிழைத் தெரிவுசெய்யலாம், எழுத்து மட்டும் வருகிற முறையில் அந்தத் தெரிவே கிடையாது. கேர்னலின் கொன்சோல் எழுத்துருவுக்கு 256 வடிவம், கூடினால் 512. எங்களுக்கு 247 எழுத்துத்தானே, கொள்ளுமே என்று கணக்குப் பார்த்தோம். கொள்ளாததுக்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. கொன்சோல் ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் கொடுக்கும். யூனிக்கோட்டில் "கொ" என்பது க ஒன்று, உயிர்க்குறி ஒன்று. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய், அரவைப் பின்னால் வைக்கவேணும். அந்த வேலை தெரிந்த ஆள் கொன்சோலுக்குள் இல்லை. அதோடு "ண", "ஞ" எல்லாம் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் மூச்சுவிடாது. சிங்களத்துக்கும் அங்கே இதே கதிதான். இரண்டு அரசகரும மொழியையும் ஒரே மாதிரி நடத்துகிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வரலாறு படிக்கிறவர் சொன்னார்.

கேர்னலை எங்களால் மாற்ற ஏலாது. ஆனால் அந்தத் திரைக்கு வெளியே தமிழில் எழுத ஆரும் தடுக்கவில்லை. இந்தப் பிரச்சினையைத் தமிழில் தேடினபோது எங்களுக்கு ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி வாசித்தோம். மூன்று வருசம் பல்கலைக்கழகத்தில் படித்த எங்களுக்கே அரை நாள் எடுத்தது எண்டால், வேலி பாய்ந்த எலியைக் கண்டுபிடித்த அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு? அவளுக்குக் கண் இருக்கு, நிதானம் இருக்கு. எங்களைவிட அவளுக்கு இந்த வேலை சரிவரும். அவளுக்கு விளங்குகிற மொழியில் ஒரு தாள் எழுதி வைப்பதைவிடப் பெரிய அன்பளிப்பு ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

எழுதினோம். ஒரு ஏ4 தாள். நீலத் திரை வந்தால் மவுஸை நாலு பக்கமும் தள்ளிப் பார். வெளியே போனால் கறுப்புத் திரைக்குப் போ. ஸ்ரேற்றஸ் பார். குரப்பில் "ஈ". எந்த வரியின் கடைசியில் எதைச் சேர்ப்பது என்று கட்டளையை ஆங்கிலத்திலும் உச்சரிப்பைத் தமிழிலும் எழுதி, பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எது என்று சிவப்பில் கீறி, கரையான் பிடிக்காமல் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு மொனிற்றருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நீங்கள் திருத்தின பெட்டிக்கும் இப்படி ஒன்று எழுதி, படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினால் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கட பெட்டியின் தாள் வேறு பெட்டிக்குப் பொருந்தாது. ஆனால் பத்துத் தாள் சேர்ந்தால் ஏதோ ஒன்று பொருந்தும்.

பழைய இரும்புக்காரர் போன கிழமை திரும்ப வந்திருக்கிறார். ஐயா அவருக்கு உடைந்த சைக்கிள் றிம் இரண்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கு. கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டரின் நேரம் 2010 ஜனவரி 1க்குத் திரும்பிப் போகிறது. அந்தத் திகதியில் நின்றுகொண்டு எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் சண்டை பிடிக்கிறது. போர்டில் இருக்கிற வட்டப் பற்றறி செத்துவிட்டது, சீஆர் 2032. யாழ்ப்பாணத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்து ஊருக்குப் போகிற ஆள் கொண்டுபோகவேணும்.